பாட மறுத்த குரல்



கவிதை வாசிப்புக்கு அடியில் புல்லாங்குழலையோ வீணையையோ இழையவிடும் வழக்கத்தை வானொலியிலும் மேடையிலும் நீங்கள் நிறையவே கேட்டிருப்பீர்கள். கவிதை துயரப்பட்டால் குழலும் விம்மும். கவிதை வீறுகொண்டால் மத்தளம் அதிரும். கேட்பவர் என்ன உணரவேண்டும் என்பதை இசை முன்னதாகவே சொல்லிவிடுவதனால், சொல்லுக்கு அங்கே வேலை இல்லாமற் போய்விடுகிறது. (நான் இப்போது பேசுகையில் அடியில் எதுவும் ஒலிக்கவில்லை. நிலையத்தாருக்கு நன்றி.) பேசும் கவிதையும் இசையும் ஒரே கூரையின்கீழ் வேறு எவ்விதம் வாழலாம் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஓர் உதாரணத்தை இன்று எடுத்துக்கொள்கிறேன்.

கென்ரக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் 1986இல் சில இளைஞர்கள் தொடங்கிய றொக் இசைக்குழு ஸ்லின்ற். இதன் இரண்டாவது இசைத்தட்டு 'ஸ்பைடர்லாண்ட்', 1991 மார்ச் மாதம் வெளியானது. பிறையன் மக்மஹன், டேவிட் பேஜோ, பிறிற் வோல்போர்ட், ரொட் பிறஷியர் ஆகிய நால்வரும் அப்போது இருபது வயதை ஒட்டியவர்கள். ஆறே உருப்படிகள், நாற்பது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அவற்றுள் ஒன்றில் சொல்லே கிடையாது. ஒன்றை மக்மஹன் தாழ்ந்த குரலில் பாடுகிறார். ஏனையவை பெரும்பாலும் பேச்சு. மேடைப் பேச்சன்று, பக்கத்து அறையில் ஒருவர் தமக்குத்தாமே சொல்லிக்கொள்வதைப் போன்ற பேச்சு. கிற்றார் ஓங்கும்போது குரல் பாதி அமிழ்ந்தும் போகும். நாம்தான் காதைத் தீட்டிக்கொள்ளவேண்டும்.

1990 ஓகஸ்ட் மாதத்தில், பிறையன் போல்சன் என்பவரைத் துணைக்கொண்டு நான்கே நாட்களில் இதனை ஒலிப்பதிவு செய்தார்கள். இசை அதற்கு முன்பே நெடுநாள் ஒத்திகையில் இறுகிப்போயிருந்தது. சொற்களோ கூடத்துக்குள் நுழைந்த பின்னர்தான் எழுதப்பட்டன. இந்த வரிசையைக் கவனிக்கவேண்டும். கவிதைக்கு மெட்டமைக்கவுமில்லை, மெட்டுக்குப் பாட்டெழுதவுமில்லை. கட்டிமுடித்த வீட்டுக்குள் ஒரு மனிதன் வந்து குடியிருந்து பேசத் தொடங்கியதைப் போன்றது அது. சுவர்கள் அவனுக்காக வளைந்துகொடுக்கவில்லை.

முதல் உருப்படியின் கதை மிக எளியது. திருவிழாக் களியாட்ட மைதானத்தில் குறிசொல்பவளின் கூடாரத்துக்குப் போகும் ஒருவன், அவளோடு சுழல்வண்டியில் ஏறுகிறான். அவ்வளவுதான். ஆனால் அடியில் ஓடும் தாளம் ஏழெண்ணிக்கை. மிச்ரசாபுக்குப் பழகிய நம் காதுக்கு ஏழு புதிதன்று. நாலெண்ணிக்கையிலேயே ஊறிய றொக் இசையில் அது நடையைத் தடுக்கிவிடும். கதை சொல்பவரோ அந்த ஏழில் விழாமல், மூச்சு முடிகிற இடத்தில் வாக்கியத்தை முடிக்கிறார். தாளம் ஒரு வழி, பேச்சு ஒரு வழி. இரண்டும் எப்போதோ ஓரிடத்தில் உரசும்போது உடல் சிலிர்க்கிறது. சீரையும் தளையையும் மாணவருக்குக் கற்பித்துப் பிழைப்பவன் நான். ஓசைக்குள் சொல் அடங்குவதே செய்யுள் என்று சொல்லிவருபவனுக்கு இந்த அடங்காமை சற்றுச் சங்கடமானதுதான்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடவேண்டும். இவற்றின் சொற்களைத் தாளில் எழுதி என் வகுப்பில் கவிதையென்று கொடுக்க நான் துணியமாட்டேன். உவமை குறைவு, வாக்கியங்கள் தட்டையானவை, ஒரு சிறுகதையின் குறிப்பேடு போலத் தோன்றும். குரலும் மௌனமும் சேர்ந்த பின்னரே அவை கவிதையாகின்றன. இதனைக் குறையென்பவர் உளர். நாடகப் பிரதியைப் படித்துவிட்டு நாடகம் பார்த்தேன் என்று எவரும் சொல்வதில்லையே!

'டொன், அமான்' என்ற உருப்படியில் டிரம்சும் இல்லை, பேஸ் கிற்றாரும் இல்லை. இரண்டு கிற்றார்கள் மட்டும். பேசுபவர் வோல்போர்ட். விருந்தொன்றில் மனிதரோடு ஒட்டமுடியாமல் வெளியே வந்து நிற்கும் ஒருவனின் கதை. குரல் ஏறக்குறைய இரகசியம் பேசுகிறது. அவனுக்குள் ஏதோ முறுகிவருவதைச் சொற்கள் சொல்வதில்லை. கிற்றாரின் மீட்டல் விரைந்து, கரகரத்து, வெடித்து, மறுபடி அடங்குகிறது. சொல் மறைத்ததை இசை காட்டிக்கொடுக்கிறது. முன்னர் சொன்ன புல்லாங்குழல் சொல் சொன்னதையே திருப்பிச் சொல்கிறது என்பதை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இறுதி உருப்படி 'குட் மோர்ணிங், கப்ரின்'. புயலில் கப்பலை இழந்து தனியனாய்க் கரையேறிய தலைவன் ஒரு வீட்டின் கதவைத் தட்டுகிறான். உள்ளே ஒரு குழந்தை. ஆங்கில இலக்கியம் பயின்றோர்க்குக் கோல்றிட்ஜின் முதிய மாலுமி நினைவுக்கு வருவான். விமர்சகர் பலரும் இத்தொடர்பைச் சுட்டியுள்ளனர். எனக்கு வேறுபாடே பெரிதாகப் படுகிறது. 1798இல் வெளிவந்த அக்கவிதையில் மாலுமி, திருமணத்துக்குப் போகும் ஒருவனைத் தடுத்து நிறுத்தித் தன் கதை முழுவதையும் கேட்கவைக்கிறான். இந்தத் தலைவனுக்கோ கதவுக்கு வெளியே நிற்கும் நிலை. கேட்க ஆளில்லாமையே இங்கே கதை. ஏழு நிமிடத்துக்கு மேல் நீளும் இதில் அவனை 'அவன்' என்றே சொல்லிவந்த குரல், முடிவில் 'நான்' ஆகிவிடுகிறது. இசைத்தட்டின் வேறிடங்களிலும் குரல் உயர்வதுண்டு, இது வேறு. பிரிவைச் சொல்லும் மிகச் சாதாரணமான ஒரு வாக்கியத்தைத் தொண்டை கிழியக் கத்துகிறார் மக்மஹன். அதுவரை அடக்கிப் பேசியமையால்தான் அந்தக் கத்தலை நம்ப முடிகிறது. தொடக்கம் முதலே உணர்ச்சி பொங்கப் பாடியிருப்பாராயின் அது இன்னொரு சங்கதியாகவே கடந்துபோயிருக்கும்.

வெளியானபோது இதனை வாங்கியோர் சொற்பம். இவர்களின் முதல் இசைத்தட்டை ஒலிப்பதிவு செய்த ஸ்ரீவ் அல்பினி, 2024இல் மறைந்தவர், ஒரு பிரித்தானிய வாரப் பத்திரிகையில் இதற்குப் பத்து நட்சத்திரம் வழங்கி எழுதினார். 1994இல் சைமன் றெனோல்ட்ஸ் என்ற விமர்சகர் 'போஸ்ற் றொக்' என்ற பெயரைப் பரவச் செய்தார். றொக்கின் கருவிகளைக் கொண்டே றொக் அல்லாததைச் செய்வோரைக் குறிக்கும் பெயர் அது. பின்னர் அந்த வகையின் முன்னோடிகளுள் ஸ்லின்றையும் சேர்த்தார்கள். 2005இல் குழுவினர் மீண்டும் கூடி மேடையேறினர்.

இசைத்தட்டின் உறையில், கற்குழியொன்றில் தேங்கிய நீரிலிருந்து நான்கு தலைகள் மட்டும் வெளியே தெரியும். வில் ஓல்டம் எடுத்த படம். பின்புறத்தில் சிறிய எழுத்தில் ஓர் அறிவித்தல்: பாட விரும்பும் பெண்கள் எழுதலாம் என்று. இவ்வளவு பேசிய குரலை அவர்கள் தற்காலிகமானதாகவே கருதினார்கள் போலும். அந்த அறிவித்தல் அச்சாகிக் கடைக்கு வந்தபோது மக்மஹன் விலகிவிட்டார்; குழுவும் கலைந்திருந்தது.