ஒருமை என்னும் ஒரு சொல்



ஒருமை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது இலக்கண வகுப்புத்தான். மரம் ஒருமை, மரங்கள் பன்மை. ஆனால், “பெரியவரை ஒருமையில் பேசாதே” என்று கண்டிக்கும்போது அதே சொல் மரியாதைக் குறைவைச் சுட்டுகிறது. மனத்தை ஒருமைப்படுத்து என்றால் பொருள் வேறு. திருக்குறளில் இச்சொல் வரும் சில இடங்களில், ஒரு பிறப்பு என்று பரிமேலழகர் உரை கூறும். ஆக, இச்சொல்லின் தலையில் ஏற்கெனவே சுமை அதிகம்.

இப்போது அறிவியல் எழுதுவோர் சிலர், சிங்குலாரிட்டி என்னும் ஆங்கிலச் சொல்லுக்கும் ஒருமை என்றே எழுதுகின்றனர். படிப்பவர், எல்லாம் ஒன்றாகிவிடுவது போலும் என்று எண்ணிக்கொள்வார். உண்மையில் அது குறிப்பது, ஒரு விதி செல்லாமற்போகும் இடத்தை.

ஒன்றை 0.1 ஆல் வகுத்தால் 10; 0.001 ஆல் வகுத்தால் 1000. சுழியால் வகுத்தால்? முடிவிலி என்று சொல்வாருண்டு. அது விடையன்று, விடை இல்லை என்பதற்கு இட்ட பெயர். எல்லா எண்ணுக்கும் பொருந்திய விதி அந்த ஒரு புள்ளியில் கைவிட்டுவிடுகிறது. கணித அறிஞர் சிங்குலாரிட்டி என்பது அப்புள்ளியைத்தான்.

கைவிடுவது எது என்பதையும் கவனிக்கவேண்டும். சிங்கப்பூரின் தீர்க்கரேகை ஏறத்தாழ 104 பாகை கிழக்கு. தென்துருவத்தின் தீர்க்கரேகை எத்தனை? சொல்ல இயலாது, எல்லா ரேகைகளும் அங்கே ஒன்றுகூடுகின்றன. அங்கு நின்று எப்பக்கம் நடந்தாலும் வடக்குத்தான். அதனால் அங்கே தரைக்கு ஏதும் கேடு உண்டா? இல்லை. 1957 முதல் ஆய்வாளர்கள் அங்கே தங்கி வேலை செய்துவருகின்றனர். குறை நாம் வரைந்த கோடுகளில் இருக்கிறது, நிலத்தில் இல்லை.

இந்த வேறுபாடு கருந்துளை ஆராய்ச்சியில் அறிஞர்களைப் பல ஆண்டுகள் அலைக்கழித்தது. ஐன்ஸ்டைனின் ஈர்ப்புச் சமன்பாடுகளுக்குக் கார்ல் ஸ்வார்ஷில்ட் கண்ட தீர்வு 1916இல் வெளிவந்தது. முதல் உலகப் போரில் படைப்பணியில் இருந்துகொண்டே அவர் அதைக் கண்டார் என்பது வியப்புக்குரியது. அத்தீர்வு இரண்டு இடங்களில் முறிகிறது. ஒன்று நடுமையம். மற்றொன்று ஓர் எல்லை. சூரியனின் நிறையுள்ள பொருளுக்கு அது மையத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில் அமையும். எல்லையில் தோன்றும் முறிவு தென்துருவத்தைப் போன்றதே, அளவுகோலை மாற்றினால் மறைந்துவிடும் என்று 1933இல் லெமெய்த்தர் காட்டினார். மையத்து முறிவு எந்த அளவுகோலுக்கும் மறையவில்லை.

அப்படியும் ஐயம் தீரவில்லை. விண்மீனைச் சரியான உருண்டையாக வைத்துக் கணக்கிட்டதால்தானே இந்தத் தொல்லை என்றனர் சிலர். ரோஜர் பென்ரோஸ் 1965இல், உருண்டை சற்றுக் கோணினாலும் முறிவு நேர்ந்தே தீரும் என்று நிறுவினார். 2020இல் அவருக்கு நோபல் பரிசில் பாதி கிடைத்தது. ஆனாலும், அங்கே அடர்த்தி முடிவிலியாக இருக்கிறது என்று பொருள் கொள்ளலாகாது. நம் கொள்கை அதற்கப்பால் செல்லாது என்பதே பொருள். அங்கும் செல்லுபடியாகும் என மெய்ப்பிக்கப்பட்ட கொள்கை இன்னும் உருவாகவில்லை.

மூன்றாவது பொருள்தான் இன்று செய்தித்தாள்களில் அடிபடுகிறது. மனிதனை மிஞ்சும் அறிவுள்ள எந்திரம் தோன்றியபின் வரலாறு எத்திசை செல்லும் என்று முன்கூறவே முடியாது என்கின்றனர். தொழில்நுட்பம் மேன்மேலும் விரைந்து வளர்வதால் மனித வரலாறு ஒரு சிங்குலாரிட்டியை நெருங்குவதுபோல் தோன்றுகிறது என்று ஜான் வான் நாய்மன் பேசியதாக உலாம் 1958இல் எழுதினார். வெர்னர் விஞ்ச் 1993இல், முப்பதாண்டுக்குள் அத்தகைய எந்திரத்தைப் படைக்கும் வசதி வந்துவிடும் என்றார். ரே கர்ஸ்வைல் 2005இல் வெளியிட்ட நூலில் 2045ஐக் குறித்தார்.

இங்கே நாம் சற்று நிற்கவேண்டும். கணிப்பொறியின் ஆற்றல் இரட்டித்து இரட்டித்து வளர்வதையே கர்ஸ்வைல் சான்றாகக் காட்டுகிறார். சதுரங்கப் பலகையில் அரிசி வைத்த கதை நமக்குத் தெரியும். முதற் கட்டத்தில் ஒரு மணி. பிறகு கட்டத்துக்குக் கட்டம் இரட்டிப்பு. அறுபத்து நான்காம் கட்டத்தில் 19 இலக்க எண் வருகிறது. அரசனின் களஞ்சியம் காலியாகும், மெய்தான். ஆனால் அதுவும் ஓர் எண்ணே! இன்னொரு கட்டம் சேர்த்தால் அதையும் கணக்கிடலாம். சுழியால் வகுப்பதுபோல் கணக்கு முறியும் கட்டம் அந்த வரிசையில் எங்குமே இல்லை. எனவே இம்மூன்றாவது வழக்கு ஓர் உவமையே தவிர, கணித முடிவு ஆகாது. எந்திரத்தைப் பற்றிய அச்சம் நியாயமாகவும் இருக்கலாம்; அதற்கு வேறு சான்று காட்டவேண்டும்.

தமிழில் எழுதுவோர், முதலிரண்டுக்கும் முறிவிடம் என்பது போல ஒரு சொல்லை ஆளலாம். மூன்றாவதற்கு, சிங்குலாரிட்டி என்று அப்படியே எழுதிவிட்டு, யார் சொன்னது, எந்த ஆண்டைக் குறித்துச் சொன்னது என்பதையும் பக்கத்தில் எழுதிவிடலாம். ஒருமை இலக்கண வகுப்பிலேயே இருக்கட்டும்.