தேனீ பிரிந்ததா, ஓடியதா?



கிள்ளான் வட்டாரத்து மேருவில் தாமான்களும் தொழிற்சாலைகளும் பெருகிவிட்ட பிறகும், வீட்டுக்குப் பின்னால் நாலு தென்னை, ஒரு ரம்புத்தான், வேலியோரம் முருங்கை என்று கொஞ்சம் மண் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அங்கே ஒரு தேன்பெட்டி வைத்துப் பார்க்கலாமே என்று சிலருக்கு ஆசை. எடுத்ததும் அவர்கள் கேட்பது, "எத்தனை போத்தல் தேன் கிடைக்கும்?" என்றுதான். "வந்த தேனீ தங்குமா?" என்று கேட்பவர் குறைவு. புதியவர் தடுமாறும் இடம் அதுதான்.

நம் நாட்டுத் தேனீக்களில் எல்லாமே பெட்டிக்கு ஒத்துவராது. துவாலாங் மரத்தின் உச்சியில் பெரிய அடை கட்டும் மலைத்தேனீ திறந்தவெளியில்தான் வாழும். கெலுலுட் என்கிற கொடுக்கில்லாத சிறு தேனீயை இப்போது பலர் வளர்க்கிறார்கள். அது கூடு பிரிக்கும் முறையே வேறு, அதை இன்னொரு நாள் பேசலாம். இன்று நான் சொல்லப்போவது மரப்பொந்திலும் மரப்பெட்டியிலும் வரிசையாக அடைகட்டும் அடுக்குத் தேனீயைப் பற்றி.

ஒருநாள் காலையில் பெட்டி வாசலில் இரைச்சல். தேனீக்கள் திமுதிமுவென்று வெளியே வந்து, வானில் சுற்றி, பக்கத்து மாமரக் கிளையில் கொத்தாகத் தொங்குகின்றன. "தேனீ ஓடிவிட்டது" என்று புதியவர் தலையில் கை வைத்துவிடுவார். கொஞ்சம் பொறுத்து, பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். உள்ளே பாதித் தேனீக்கள் இருந்து, புழுவும் தேனும் அப்படியே இருந்தால், கூட்டம் பிரிந்திருக்கிறது என்று பொருள். அடைகள் காய்ந்து, ஒரு தேனீகூட இல்லாமல் கிடந்தால், அது ஓட்டம். முன்னது நிறைவால் வருவது. பின்னது பசியால், எறும்பால், மெழுகுப் பூச்சியால், ஓயாத தொந்தரவால் வருவது. இரண்டுக்கும் ஒரே வைத்தியம் செய்தால் விபரீதம்தான். பசியில் இருக்கும் சிறிய கூட்டத்துக்கு மேலே இன்னொரு அறையை ஏற்றினால், காக்க முடியாத இடம் கூடி, அது இன்னும் சீக்கிரம் கிளம்பிவிடும்.

கிள்ளான் வட்டாரத்தில் இந்தப் பசியை மறந்துவிடக் கூடாது. சுற்றிலும் பச்சையாகத்தான் இருக்கிறது, ஆனால் அதில் பெரும்பகுதி செம்பனை. செம்பனைப் பூவில் மகரந்தம் உண்டு, தேன் கிடையாது. தென்னையும் பழமரங்களும் கைகொடுக்காத வாரங்களில் சர்க்கரைப் பாகு வைத்தே ஆக வேண்டும். பெட்டியின் கால்களை எண்ணெய்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். முசுறு எறும்பு ஏறினால் ஒரே இரவில் கூட்டம் குலைந்துவிடும்.

இனி பிரிதலுக்கு வருவோம். நம் வீடுகளில் மகள்தான் புகுந்த வீட்டுக்குப் போவாள். தேனீக்களில் தாய் கிளம்பிவிடுகிறது. மூத்த ராணி பாதிக் கூட்டத்தை அழைத்துக்கொண்டு வெளியேற, கட்டிய அடையும் சேர்த்த தேனும் மகளுக்கு. கூட்டம் என்ற உயிர் இனம் பெருக்கும் வழியே இதுதான். இதை முழுக்க நிறுத்த நினைப்பது வீண் என்பது என் கருத்து. தேனீக்கு முன்பாக நாமே பிரித்துவிடுவதுதான் கெட்டிக்காரத்தனம்.

அதற்கு அறிகுறி தெரிய வேண்டும். முதலில் ஆண் தேனீக்கள் பெருகும். அடுக்குத் தேனீயில் ஆண் வளரும் அறையின் மூடி கூம்பாக எழும்பி, உச்சியில் ஊசி குத்தியதுபோல் ஒரு துளையோடு இருக்கும். ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். அடுத்து, அடையின் கீழ் விளிம்பைப் பாருங்கள். விரல்நுனி அளவில் ஏதாவது தலைகீழாகத் தொங்குகிறதா? அதுதான் ராணி அறை. அதற்குள் முட்டையோ பாலில் மிதக்கும் புழுவோ இருந்தால், கூட்டம் முடிவெடுத்துவிட்டது.

கணக்கு எளிது. முட்டை பொரிய 3 நாள். புழு வளர 5 நாள். ஏறக்குறைய எட்டாம் நாள் அறையை மூடிவிடும். அந்தச் சமயத்தில்தான் மூத்த ராணி கிளம்பும். புது ராணி வெளிவருவது 16ஆம் நாள் வாக்கில். அதனால் பிரியும் பருவத்தில் வாரம் ஒருமுறை பெட்டியைப் பார்க்க வேண்டும். பத்து நாளுக்கு ஒருமுறை என்றால், நீங்கள் பார்த்துவிட்டுப் போன மறுநாள் தொடங்கிய வேலை அடுத்த முறை வருவதற்குள் முடிந்திருக்கும்.

ராணி அறைகளைக் கிள்ளி எறிந்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. கிள்ளக் கிள்ளக் கட்டும். ஒன்று கண்ணில் படாமல் தப்பினாலும் போச்சு. வாசலில் ராணி தாண்ட முடியாத தடுப்பு வைப்பதும் ஓரிரு நாளுக்குத்தான் உதவும். அதை மறந்துபோய் விட்டுவிட்டால் புது ராணி இணை தேடிப் பறக்க முடியாமல், கடைசியில் ஆண் முட்டைகளையே இட்டுக் கூட்டத்தை அழித்துவிடும்.

செய்ய வேண்டியது இது. வெயில் ஏறிய முற்பகலில், வயதான தேனீக்கள் வெளியே போயிருக்கும் நேரம் பார்த்துப் பெட்டியைத் திறந்து மூத்த ராணியைத் தேடுங்கள். அது இருக்கும் சட்டத்தை அப்படியே தூக்கி, புழுச் சட்டம் ஒன்று, தேன் சட்டம் ஒன்று சேர்த்துப் புதுப் பெட்டியில் வைத்து, சற்றுத் தள்ளி நிறுத்துங்கள். அந்தச் சட்டங்களில் ராணி அறை எதுவும் இருக்கக் கூடாது. பழைய பெட்டியில் நல்ல ராணி அறை ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை நீக்கிவிடுங்கள். அந்த அறை இருக்கும் சட்டத்தை உதறவே கூடாது. உள்ளே இருக்கும் கூட்டுப்புழு மிக மென்மையானது. தாய் போய்விட்டது என்று பழைய கூட்டம் அடங்கிவிடும். பிறகு இரண்டு, மூன்று வாரம் அந்தப் பெட்டியைத் திறக்காதீர்கள். இளம் ராணி இணை தேடிப் பறப்பது பிற்பகலில். நம் ஊர் மழை வருவதும் பிற்பகலில்தான். தாமதமானால் பதறாதீர்கள்.

அடுக்குத் தேனீக்கு ஏற்ற சிறிய பெட்டியை 1910களில் வடிவமைத்தவர் திருச்சி புனித சூசையப்பர் கல்லூரியின் நியூட்டன் பாதிரியார். பெட்டி சிறியது என்பதால் சீக்கிரம் நிறைந்துவிடும். ரப்பர் மரம் தளிர்விடும்போது இலைக்காம்பில் சுரக்கும் தேனை நம்பியிருக்கும் குமரி மாவட்டத்துக்காரர்கள், அந்தப் பருவத்துக்கு முன்பே கூட்டங்களைப் பிரித்துத் தயாராகிவிடுவார்கள். காத்திருந்து மாட்டிக்கொள்வதில்லை.

கூட்டம் பிரிவது இன்று நேற்று வந்த கவலையும் அல்ல. மே 20ஆம் தேதியை உலகத் தேனீ நாளாக 2018 முதல் கொண்டாடுகிறோம். அது 1734இல் ஸ்லோவேனியாவில் பிறந்த அன்டோன் யான்ஷாவை நினைவுகூரும் நாள். வியன்னாவில் தேனீ வளர்ப்பு கற்பித்த அவர் 1771இல் வெளியிட்ட நூலின் பொருளே, தேனீக் கூட்டம் பிரிவதுதான்.

கிளையில் தொங்கும் கூட்டம் என்ன செய்கிறது? வீடு தேடுகிறது. 1949இல் மியூனிக் நகரில் மார்ட்டின் லிண்டவர் என்ற ஆய்வாளர், அப்படித் தொங்கிய கொத்தின் மேல் சில தேனீக்கள் கரியும் செங்கல் தூளும் படிந்து நடனமாடியதைக் கண்டார். போரில் இடிந்த ஊரின் புகைபோக்கியிலும் சுவரிலும் இடம் பார்த்துவிட்டு வந்த தூதர்கள் அவை. மேருவில் அந்தத் தூதர்கள் பார்ப்பது உங்கள் வீட்டுக் கூரை இடுக்காக இருக்கலாம்.

அந்த நேரத்தில் கூட்டம் சாதுவானது. வயிறு நிறையத் தேன், காக்கப் புழு கிடையாது. பழகியவர் மாலையில் அதைப் பெட்டிக்குள் உதறிச் சேர்த்து, புழுவுள்ள சட்டம் ஒன்றைக் கொடுத்தால் பெரும்பாலும் தங்கிவிடும். பழகாதவர்கள் கிட்டப் போக வேண்டாம், அது மலைத்தேனீயாகவும் இருக்கலாம். மண்ணெண்ணெய்ப் பந்தம், பூச்சிமருந்து எதுவும் வேண்டாம். பிள்ளைகளை உள்ளே அழைத்து, ஒரு நாள் பொறுங்கள். தங்க வந்ததல்ல என்றால் தானாகவே போய்விடும். போகவில்லையென்றால் தேனீ வளர்க்கும் ஒருவரைக் கூப்பிடுங்கள். யாரையாவது கொட்டி மூச்சுத்திணறல் வந்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே 999ஐ அழையுங்கள்.