குழந்தையின் விரல் நிற்கும் இடம்



ஆசிரியர்களுக்கான இணையவழிப் பயிலரங்குகளில் தனிப்பயிற்சி, சிறார் நூலாக்கம் என்பது நம் கருத்தரங்கின் பொருள். வந்திருக்கும் கட்டுரைகளில் ஒரு பாதி தனிப்பயிற்சியைப் பேசுகிறது. மறுபாதி நூலாக்கத்தைப் பேசுகிறது. இரண்டையும் ஒருசேர எடுத்துக்கொண்ட கட்டுரைகள் குறைவு. எனக்கோ இவை இரண்டும் ஒரே வேலை. ஒரு குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து அது வாசிப்பதைக் கேட்பவர்தான் அந்தக் குழந்தைக்கான புத்தகத்தை எழுதத் தகுதியானவர். இதை உங்கள் முன் வைக்கவே தலைமையேற்க ஒப்புக்கொண்டேன்.

கொரோனாவால் 2020 மார்ச்சில் தமிழகப் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திரும்ப வகுப்பறைக்குள் நுழைந்தார்கள். ஒன்றாம் வகுப்பில் அகரம் தொட்ட பிள்ளை மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது. அந்த இடைவெளியை அடைக்க 2021 அக்டோபரில் தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தன்னார்வலர்களைக் கொண்டு தொடங்கியது. மாலை ஐந்து மணிக்கு மேல் கோயில் திண்ணையிலும் சமுதாயக் கூடத்திலும் சுமார் இருபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாடம் சொன்னவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு அவர்கள் செய்த வேலையைத் தமிழ்க் கல்வி வரலாறு இன்னும் சரியாக எழுதவில்லை.

நம் கம்பம் பள்ளத்தாக்கில் இந்த வேலைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியுமுன் கூலி வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மெட்டு ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகின்றன. வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி என்றால் அதுவும் அம்மாவோடு மலை ஏறிவிடும். இணையவழிக் கல்வி என்று பிள்ளைகளுக்கு நாம் சொன்னதெல்லாம் இருட்டிய பிறகுதான் அந்த வீடுகளுக்குள் போக முடிந்தது. அதனால்தான் சொல்கிறேன், இணையம் ஆசிரியர் கூடிப் பயில்வதற்கு இருக்கட்டும். பிள்ளைக்குத் தேவை பக்கத்தில் ஓர் ஆளும் கையில் ஒரு தாளும்.

போடி பக்கத்து ஊர் ஒன்றின் மாலை மையத்தில் நான் கண்ட ஒரு காட்சியைச் சொல்கிறேன். தன்னார்வலர் ஒருவர் பயிலரங்குக்காக எழுதிய கதையை இரண்டாம் வகுப்புச் சிறுமியிடம் வாசிக்கக் கொடுத்திருந்தார். முதல் வரி, "அம்மா அதிகாலையில் பணிக்குச் சென்றுகொண்டிருந்தபோது மழை பெய்யத் தொடங்கியது." விரலை வைத்து வாசித்த சிறுமி ‘பணிக்கு’ வரை வந்துவிட்டாள். ‘சென்றுகொண்டிருந்தபோது’ என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது. எழுத்தெழுத்தாகக் கூட்டிப் பார்த்தாள், முடியவில்லை. நிமிர்ந்து, "அக்கா, எந்த ஜீப்புல போனாங்க?" என்று கேட்டாள்.

அந்தத் தன்னார்வலர் அங்கேயே திருத்தி எழுதினார்: "அம்மா ஜீப்பில் ஏறினாள். கையில் தூக்குவாளி. போடிமெட்டில் மழை." சிறுமி நிற்காமல் வாசித்தாள். பக்கத்திலிருந்த பையன் தாளை வாங்கிக்கொண்டான்.

சிறார் நூலாக்கத்தின் இலக்கணத்தில் பெரும்பகுதி இங்கே இருக்கிறது. தமிழில் வினையும் துணைவினையும் சேர்ந்து சொல் நீண்டுகொண்டே போகும். நம் கண் அதை ஒரே வீச்சில் பிடித்துவிடுகிறது. தொடக்க வாசகருக்கு அது ஒரு மலை. வரியை மடக்கும் இடமும் பொருள் முடியும் இடமாக இருக்க வேண்டும். படம் சொல்லிவிட்டதை எழுத்து மறுபடி சொல்ல வேண்டியதில்லை. கம்பம் பகுதியில் வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பாடப்புத்தகத் தமிழ் இரண்டு படி தள்ளி இருக்கிறது. இதையெல்லாம் எந்த விரிவுரையும் ஆசிரியருக்கு உணர்த்தாது. நின்றுபோன விரல் உணர்த்தும்.

பிள்ளையிடமிருந்தே புத்தகம் பிறக்க வேண்டும் என்பதை உலகம் முன்பே கண்டிருக்கிறது. நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன சில்வியா ஆஷ்டன்-வார்னர், பிள்ளைகள் தாமே கேட்டு வாங்கிய சொற்களைக் கொண்டே முதல் வாசிப்பைத் தொடங்கினார். அந்த அனுபவத்தை எழுதிய அவரது நூல் 1963இல் வெளிவந்தது. குஜராத்தின் கிஜுபாய் பதேகா வகுப்பறையில் கதை சொல்லிச் சொல்லியே எழுத்தாளரானவர். அவருடைய நூலைத் தமிழர்கள் ‘பகல் கனவு’ என்று அறிவார்கள். நம்மிடையே ‘ஆயிஷா’ கதையை எழுதிய இரா. நடராசனும் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர்தான்.

இனி பயிலரங்கின் வடிவத்துக்கு வருகிறேன். பெருந்தொற்றுக் காலத்தில் இரண்டு மணி நேர உரையைக் கேட்டு, படிவம் நிரப்பி, மின்சான்றிதழ் வாங்கிய பயிலரங்குகள் ஏராளம். அவற்றால் ஒரு பக்கம்கூட எழுதப்படவில்லை என்றால் அந்த முறையைக் கைவிட வேண்டும். என் முன்மொழிவு இது. இரவு எட்டு மணிக்கு, சமையல் வேலை ஓய்ந்த பிறகு, முக்கால் மணி நேரம் போதும். அடுத்த கூடுகைக்கு ஒரு வார இடைவெளி. அந்த வாரத்தில் ஆசிரியர் எழுதிய பக்கத்தைப் பிள்ளை வாசிக்க வேண்டும். வீட்டாரின் சம்மதத்தோடு அதைக் கைப்பேசியில் பதிவு செய்து, பிள்ளை நின்ற இடங்களில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு வர வேண்டும். கூடுகையில் அந்தக் கோடுகளைப் பற்றி மட்டும் பேசலாம். அலைவரிசை கிடைக்காத ஊர்க்காரர் குரல்பதிவாக அனுப்பிவிடலாம்.

அச்சுக்குக் காத்திருக்கவும் வேண்டாம். ஒரே ஒரு ஏ4 தாளை மடித்து, நடுவில் ஒரு வெட்டு வெட்டினால் எட்டுப் பக்கப் புத்தகம். தாளின் ஒரு பக்கத்தை மட்டும் நகலெடுத்தால் போதும். எந்த ஜெராக்ஸ் கடையிலும் முடியும். தேர்ந்தவற்றை பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் திறந்த உரிமத்தோடு ஏற்றலாம். யார் வேண்டுமானாலும் அதைப் பதிவிறக்கி, மொழிபெயர்த்து, அச்சிடலாம். தமிழகப் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் சிறார் நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று படிநிலைப்படுத்தியிருக்கிறது. தொடக்கப் படியான ‘நுழை’ வரிசைக்குப் புத்தகம் எழுதுவதுதான் மிகக் கடினம். அங்கேதான் நமக்கு ஆள் வேண்டும்.

ஒன்றை வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். எழுதிய தன்னார்வலரின் பெயர் அட்டையில் வர வேண்டும். தயாரிப்புக் குழு என்ற ஒற்றை வரிக்குள் அந்தப் பெண்களைக் கரைத்துவிடக் கூடாது.

முதல் அமர்வில் கட்டுரை வாசிப்பதற்கு முன், ஒவ்வொரு மேசையிலும் வைத்திருக்கும் கையெழுத்துப் படிகளை எடுத்துப் பாருங்கள். மாலை மையங்களில் பிள்ளைகள் வாசித்தவை. பென்சில் கோடுகள் அழிக்கப்படாமல் இருக்கின்றன. அவற்றிலிருந்து விவாதம் தொடங்கட்டும் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.