பயாப்சி ரிப்போர்ட்டில் அந்த இரண்டு வரிகள்

வயதான ஒருவரின் உச்சந்தலையில் ஊதா நிறத்தில் ஒரு தடிப்பு. எங்கேயாவது இடித்துக்கொண்டிருப்பார் என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். மாதக்கணக்கில் ஆறாமல் பரவிய பிறகுதான் பயாப்சி. ரிப்போர்ட்டில் ‘ஆஞ்சியோசார்கோமா’ என்றிருக்கும். கீழேயே ‘சிடி31 பாசிட்டிவ், ஈஆர்ஜி பாசிட்டிவ்’. இரத்தக் குழாயின் உட்சுவர்ச் செல்களில் உருவாகும் புற்றுநோய் இது. மென்திசுப் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான், அவ்வளவு அரிது.

பாசிட்டிவ் என்று பார்த்ததும் குடும்பம் பதறிப்போகும். இந்த இரண்டு வரிகளுக்காகப் பதற வேண்டியதில்லை. சாயமேற்றிய ஸ்லைடில் செல்லின் விளிம்பு பழுப்பானால் சிடி31 என்ற புரதம், உட்கரு பழுப்பானால் ஈஆர்ஜி என்ற புரதம். செல் எங்கிருந்து வந்தது என்பதை இவை சொல்லும். நோயாளி எத்தனை நாள் இருப்பார் என்பதைச் சொல்லா. அதற்குப் பழைய கேள்விகள்தான் இன்னும் கைகொடுக்கின்றன: கட்டி எவ்வளவு பெரிது, எந்த இடத்தில், ஓரத்தில் மிச்சமில்லாமல் வெட்டி எடுக்க முடிந்ததா, வேறெங்கும் பரவியிருக்கிறதா. நோய் கடுமையானது என்பதை மறைப்பதற்கில்லை.

ஆனாலும் சில அடையாளங்கள் வேறு வகையில் உதவுகின்றன. மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்தவர்களுக்குப் பல வருடம் கழித்து அதே இடத்துத் தோலில் சிவந்த திட்டுகள் வரலாம். சாதாரணக் குழாய்த் திட்டும் அப்படியேதான் இருக்கும். மிக் என்ற மரபணு பல பிரதிகளாகப் பெருகியிருந்தால் ஆஞ்சியோசார்கோமா பக்கம்தான் தராசு சாயும்.

அதைவிட எனக்கு வியப்பளித்தது 2020-இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வந்த அமெரிக்க ஆய்வு. இத்தனை அரிய நோய்க்கு ஒரே மருத்துவமனையில் ஆள் சேராது. அதனால் நோயாளிகளே இணையம் வழியாக ஒன்றுசேர்ந்து தங்கள் மாதிரிகளைக் கொடுத்தார்கள். 36 பேரின் கட்டிகளைப் படித்ததில், தலை, முகத்தில் வந்தவற்றில் வெயிலின் புற ஊதாக் கதிர் விட்டுச்சென்ற சேதமும் ஏராளமான மரபணு மாற்றங்களும் தெரிந்தன. அவ்வகை நோயாளிகள் இருவருக்கு நோயெதிர்ப்பைத் தூண்டும் மருந்து அசாதாரணமாகப் பலனளித்திருந்தது. இருவர் சிறிய எண்ணிக்கைதான். எல்லோருக்கும் இப்படியே என்று சொல்ல முடியாது. ஆனால் டாக்டரிடம் கேட்க ஒரு புதிய கேள்வி கிடைத்துவிட்டது: “மரபணு மாற்றங்களின் அளவைப் பார்க்கும் பரிசோதனை இவருக்குச் செய்யலாமா?”

கேட்கப் போகும்போது ரிப்போர்ட் மட்டும் போதாது. முதலில் பயாப்சி செய்த இடத்திலிருந்து ஸ்லைடுகளையும் திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவை கையில் இருந்தால் பெரும்பாலும் மறுபடி ஊசி குத்தாமலே பார்த்துவிடலாம்.