டாக்டர் இல்லாத மருந்துச்சாலை நமக்கு மட்டும் ஏன்?

பதுளையில் நடந்த தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை



சம்பளம் என்றால் நாம் எல்லோரும் வாய் திறக்கிறோம். மருந்துச்சாலை என்று பேச்சு வந்தால், "அது அப்படித்தானே" என்று எழுந்து போய்விடுகிறோம். இன்றைக்கு எழுந்து போகாமல் பேசுவோம்.

தோட்டத்தில் மருந்து கொடுப்பவரை நாம் டாக்டர் ஐயா என்கிறோம். மரியாதையில் குற்றமில்லை. ஆனால் பெரும்பாலான தோட்டங்களில் அவர் எம்.பி.பி.எஸ். படித்த வைத்தியர் அல்ல. அவர் தோட்ட வைத்திய உதவியாளர், சுருக்கமாக ஈ.எம்.ஏ. அவருக்குச் சம்பளம் கொடுப்பது சுகாதார அமைச்சு அல்ல, தோட்ட நிர்வாகம். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இது எப்படி வந்தது? வெள்ளைக்காரன் 1872இலும் பிறகு 1912இலும் சட்டம் போட்டு, தோட்டத் தொழிலாளியின் வைத்தியத்தைத் தோட்டத்தின் பொறுப்பில் விட்டான். கூலியாள் படுத்தால் கொழுந்து எடுக்க ஆள் இல்லை, அதுதான் அவனுடைய கவலை. நாடு சுதந்திரம் பெற்ற 1948இலேயே நம்முடைய பிரஜாவுரிமை பறிக்கப்பட்டது. 1951இல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கட்டணம் நீக்கப்பட்டது. ஆனால் அரசின் சுகாதார சேவை கிராமத்துக்குப் போன வேகத்தில் லயத்துக்கு வரவில்லை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் மறுபடியும் கம்பனிகளிடம் போனது. 1990களிலிருந்து சில தோட்ட வைத்தியசாலைகளை அரசு ஏற்றுக்கொண்டது. மற்றவை பழையபடிதான் கிடக்கின்றன.

வைத்தியர் அல்லாதவர் வைத்தியம் பார்க்கலாமா என்ற வாக்குவாதம் நம் நாட்டில் மட்டும் நடப்பதல்ல. நம்மைப் போலத் தேயிலை விளையும் அசாமில், கிராமங்களுக்கென்று மூன்று வருடப் படிப்பு ஒன்றை மாநில அரசு தொடங்கியது. அதற்கு ஆதாரமான 2004ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2023இல் உறுதியாகச் சொன்னது. ஆனால் அப்படிப் படித்தவர்கள் வரையறுக்கப்பட்ட வேலைகளைச் செய்ய 2015இல் கொண்டுவந்த வேறொரு சட்டத்தை ஏற்றுக்கொண்டது. பிரித்தானியாவில் இரண்டு வருடப் பயிற்சியோடு டாக்டரின் வேலைகளைப் பார்த்தவர்களைப் பற்றிப் பெரிய சர்ச்சை எழுந்தது. 2025 ஜூலையில் வெளியான பேராசிரியர் ஜிலியன் லெங்கின் அறிக்கை, அவர்களை உதவியாளர் என்றே அழைக்க வேண்டும் என்றது. நோய் என்னவென்று தெரியாத நோயாளியை அவர்கள் முதலில் பார்க்கக் கூடாது என்றும் சொன்னது. நம் தோட்டத்தில் நடப்பது அதற்கு நேர் எதிரானது. நோய் என்னவென்று தெரியாதவரைத்தான் ஈ.எம்.ஏ. முதலில் பார்க்கிறார்.

அப்படியென்றால் டாக்டர் தவிர வேறு யாரும் நோயாளியைத் தொடக் கூடாதா? நாம் அப்படிச் சொல்லவில்லை. இந்த நாட்டில் பிரசவத்தில் தாய்மார் சாவது இவ்வளவு குறைந்ததற்கு மருத்துவிச்சிகள் பெரிய காரணம். 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து வளர்ந்த ஏற்பாடு அது. மருத்துவிச்சிக்கு ஒழுங்கான பயிற்சி உண்டு, பதிவு உண்டு, அவர் செய்யும் வேலைக்கு எல்லை உண்டு. மேலே எம்.ஓ.எச். இருக்கிறார். சிக்கல் வந்தால் தாயை எங்கே அனுப்புவது என்பதும் தெரியும். ஆகவே பட்டம் ஒன்றே கேள்வியல்ல. என்ன படித்தார், யார் மேற்பார்வை, எல்லை எது, அந்த எல்லை தாண்டினால் நோயாளி எந்த வண்டியில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவார்? இந்த நாலு கேள்விக்கும் பதில் இருந்தால் அது சேவை. இல்லாவிட்டால் அது சிக்கனம்.

இன்னொன்றும் இருக்கிறது. வேலைக்குப் போக முடியாத பெண்ணுக்கு லீவுத் துண்டு எழுத வேண்டியவரும், நிர்வாகத்திடம் சம்பளம் வாங்குகிறவரும் ஒரே ஆள். ஆள் குறையும் நாளில் துண்டு எழுதினால் அவருக்கு மேலிருந்து கேள்வி வரும். எழுதாவிட்டால் காய்ச்சலோடு அந்தப் பெண் மலை ஏறுவாள். நல்ல மனிதரைக்கூட இந்த ஏற்பாடு இக்கட்டில் வைக்கிறது.

"அவரையும் எதிர்த்தால் இருக்கிற ஒருவரும் போய்விடுவாரே" என்று பசறைப் பக்கத் தோழர் ஒருவர் கேட்டார். நியாயமான பயம். இரவு இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினால் எழுந்து வருகிறவர் அவர்தான். அவரும் ஒரு தொழிலாளிதான். அவரை விரட்டச் சொல்லி நாம் கேட்கவில்லை. அவரை ஒரு டாக்டருக்குக் கீழே கொண்டுவரச் சொல்கிறோம்.

நம் கோரிக்கைகள் நான்கு. ஒன்று, ஊவா மாகாண சுகாதாரத் துறை ஒவ்வொரு தோட்டத்துக்கும் குறித்த நாளில் டாக்டரை அனுப்பி கிளினிக் நடத்த வேண்டும். சீனி, பிரஷர் மருந்துக்காகப் பதுளைக்கோ பண்டாரவளைக்கோ தியத்தலாவைக்கோ போனால் ஒரு நாள் பேர் போகிறது. பேர் போகுமென்று பயந்து மருந்தை விடுகிறவர்கள் நம் லயங்களிலேயே இருக்கிறார்கள். இரண்டு, ஈ.எம்.ஏ.க்களுக்கு அரசு மேலதிகப் பயிற்சியும் மேற்பார்வையும் கொடுத்து, அவர்களை அரச சேவையில் சேர்க்க வேண்டும். மூன்று, அவசர நோயாளியை இறக்க இரவும் பகலும் வாகனம். கொழுந்து லொறி அம்புலன்ஸ் அல்ல. நான்கு, கிளினிக்கில் தமிழில் பேசக்கூடிய ஒருவர். வலியை அடுத்தவர் பாஷையில் சொல்ல முடியாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வருகிறோம்.

கோரிக்கை நிறைவேறும்வரை வீட்டில் செய்யக்கூடியதையும் சொல்கிறோம். காய்ச்சல் மூன்றாம் நாளும் விடவில்லை என்றால் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். டெங்கு இருக்கலாம் என்பதால் பரசிட்டமோல் தவிர வேறு வலி மாத்திரை போடாதீர்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வலிப்பு, கர்ப்பிணிக்கு இரத்தப்போக்கு என்றால் துண்டுக்குக் காத்திருக்க வேண்டாம். 1990க்கு அழையுங்கள், காசு இல்லை. என்ன மாத்திரை, எத்தனை நாளைக்கு என்று கொப்பியில் எழுதி வாங்குங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் காட்டுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு கிளையும் ஒரு தாள் கொண்டுவர வேண்டும். டாக்டர் கடைசியாக எப்போது நம் தோட்டத்துக்கு வந்தார்? வாகனம் இருக்கிறதா? கிளினிக் போகவேண்டியவர்கள் எத்தனை பேர்? அந்தத் தாள்களோடுதான் மாகாண சபைக்கும் கம்பனிக்கும் போகப்போகிறோம். தேயிலை ஏற்றுமதியில் வரும் டொலரைக் கணக்குப் பார்க்கிற நாட்டுக்கு, அதைப் பறிக்கிற கையின் நாடி பிடித்துப் பார்க்க ஒரு டாக்டரை அனுப்ப முடியாதா?