விலங்குப் பழமொழியும் வசைமொழியும்
(ஆத்தூரில் நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



விலங்கின் பெயரால் நகையும் நீதியும் ஒருங்கே புகட்டுதல் தமிழர்க்குப் பழவழக்கம். பெர்சிவல் பாதிரியார் 1874-இல் வெளியிட்ட தொகுதியில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகள் உள. யானையும் நாயும் கழுதையும் அவற்றுள் மலிந்து கிடக்கின்றன. "யானைக்கும் அடி சறுக்கும்" என்பது இடறினாரைத் தேற்றும். "பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டுவிடுமா?" என்பது மறைந்து பிழை செய்வாரை நகைத்துத் திருத்தும். இவை செயலைச் சுட்டுவனவேயன்றி ஆளைச் சுடுவன அல்ல.

நாமோ பழமொழியை விடுத்து, விலங்கின் பெயரை மட்டும் எடுத்துப் பிள்ளைகள்மீது எறிகின்றோம். யானும் இப்பிழை செய்தவனே. வகுப்பில் வாளாவிருந்த மாணவன் ஒருவனை, "எருமைமேல் மழை பெய்தாற்போல் இருக்கின்றாயே, எருமையே!" என்று கடிந்தேன். வசிட்டநதிக் கரையில் எருமை மேய்க்கும் அச்சிறுவன், "ஐயா, மழை பெய்தால் எருமைக்குச் சுகம், அதனால்தான் அசையாமல் நிற்கும்" என்றான்.

அவன் கூறியது மெய்யே. பசுவினும் எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் குறைவு. கருந்தோலோ வெயிலை மிகுதியாய் ஏற்கும். ஆதலின் நீர்தான் அதன் வெம்மையைத் தணிப்பது. மந்தமென்று நாம் இகழ்ந்தது அதன் இன்பமாயிற்று! அன்று பாடங்கேட்டவன் யானே.

அன்பர்களே! தொல்காப்பிய மரபியல் எருமையின் கன்றுக்கும் மக்களின் மகவுக்கும் "குழவி" என்னும் பெயரைப் பொதுவாக்கியுள்ளது. இலக்கணம் அன்பாய் இணைத்த பெயரை நம் நா வசையாக்கலாமா? பழமொழி சொல்லிச் சிரிப்போம்; பிள்ளைகளைப் பெயரிட்டு இகழாதிருப்போம். இதுவே என் விண்ணப்பம்.