தாத்தாவின் தோட்டத்துக்கு வாடகைக் காரில்

நடுவர் அவர்களே!  

வெளிநாட்டில் வாடகைக் கார் எடுத்து ஓட்டுவது வசதியா, வம்பா என்பது கேள்வி. வம்பு என்ற எதிரணியினர் கோலாலம்பூரோடு நின்றுவிட்டார்கள். கொஞ்சம் பேராவுக்கு வந்து பார்க்கட்டும்!

தமிழ்நாட்டிலிருந்து ஈப்போவுக்கு வருகிற எல்லோரும் சுற்றுலாப் பயணிகள் அல்லர். 1969க்குப் பிறகு, மலேசியக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் கப்பலேறி ஊர் திரும்பினார்கள். கூடப் பிறந்தவர்கள் இங்கேயே நின்றுவிட்டார்கள். அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள், பழைய கடிதத்தில் இருக்கும் ஒரு தோட்டத்தின் பெயரோடு வருகிறார்கள். பேருந்து ஈப்போ அமான்ஜெயா நிலையத்தில் இறக்கிவிடும். சுங்கை சிப்புட் டவுனுக்கும் கொண்டுபோகும். தோட்டத்துக்குப் போகுமா? டாக்சி கொண்டுபோய் விடும். செம்பனைக் காட்டுக்குள்ளிருந்து திரும்பி வர எந்த டாக்சியைக் கூப்பிடுவது?

ஆபத்து என்கிறார்கள். அங்கும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், ஸ்டீயரிங்கும் வலப்பக்கம்தான். பழக்கம்தான் மாற வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்தால், தனிப் பாதை இருந்தாலொழிய இடப்பக்கமும் திரும்பக் கூடாது. வட்டச் சந்திப்பில் வலப்பக்கம் வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர்தான் உச்ச வேகம். டோல் சாவடியில் ரொக்கம் செல்லாது. டச் அண்ட் கோ அட்டையில் முன்கூட்டியே பணம் போட்டுக்கொள்ள வேண்டும்.

முக்கியமான ஒன்று, பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி. அதை இந்தியாவை விட்டுக் கிளம்பும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாங்கிவிட வேண்டும். செல்லத்தக்க உரிமம் இல்லாமல் மோதினால் இன்சூரன்ஸ் கைகொடுக்காது. மொத்தச் செலவும் ஓட்டியவர் தலையில்தான். சாவி வாங்கும்போதே காரின் நாலு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொண்டால், பழைய கீறலுக்குப் புது அபராதம் கட்ட வேண்டாம். இவ்வளவுதானே, நடுவர் அவர்களே? இதற்குப் பெயர் வம்பா? முன்யோசனை!

இனி, தோட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? பல இடங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. சில இடங்களில் வீடமைப்புப் பகுதியே வந்துவிட்டது. லயன் வீடுகள் இல்லை. வரைபடத்தில் தோட்டத்தின் பெயரும் இல்லாமல் போகலாம். ஆனால் தமிழ்ப்பள்ளியின் பெயர் இருக்கும்! தோட்டம் என்பதற்கு மலாயில் லாடாங். அந்தச் சொல்லோடு தேடினால், டவுனுக்கு இடம் மாறிய பள்ளிகள்கூடப் பழைய தோட்டத்தின் பெயரைச் சுமந்து நிற்பது தெரியும். பள்ளிக்குப் போய் விசாரித்தால் பெரியவர்களைக் காட்டுவார்கள். பெரியவர்கள் மாரியம்மன் கோயிலைக் காட்டுவார்கள். கேட்டில் காவல்காரர் இருந்தால் இறங்கி அனுமதி கேட்க வேண்டும்; தோட்டச் சாலை பொதுச்சாலை அல்ல.

வழியில் கோலகங்சாரில், 1877இல் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. கூட்டுப் பயணத்தில் பத்து நிமிடத்தில் ஏறச் சொல்வார்கள். சொந்தமாக ஓட்டி வந்தவர் அந்த மரத்தடியில் விரும்பிய நேரம் நிற்கலாம். தாத்தாவோடு பால்வெட்டிய கிழவி ஒருத்தி கிடைத்துவிட்டால், சாயங்காலம் வரை உட்கார்ந்து கேட்கலாம். அந்தக் கிழவிக்கும் வயது ஏறிக்கொண்டே போகிறது, நடுவர் அவர்களே! அடுத்த பயணம் வரை அவர் காத்திருப்பார் என்று யார் உறுதி சொல்ல முடியும்?

ஆகவே வாடகைக் கார் வசதியே என்று தீர்ப்பளிக்க வேண்டும்.